ரெண்டாயிரத்து நூறு பாடத்துக்கு ஒரு பட்டம்

...ரெண்டாயிரத்து நூறு பாடம், டாக்டரம்மா! ரெண்டாயிரத்து நூறு! கிளட்ச்ச மெதுவா விடுங்க... மெதுவா... ஆங், போதும். பாடம்னா இந்த மாதிரிப் பாடம். ஒரு மணி நேரம் இந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்து, என் பக்கம் இருக்கற பிரேக்கு மேல கால வச்சுக்கிட்டு, உயிர மடியில வச்சுக்கிட்டு கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கறேனே, அந்தப் பாடம். அப்படி ரெண்டாயிரத்து நூறு மணி நேரம் சம்பாதிச்ச காசுதான் என் பையனோட மூணு வருஷ யுனிவர்சிட்டி ஃபீஸ். ஒரு நாளைக்கு ஏழு பாடம், ஞாயித்துக்கிழமை லீவு. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு வருஷம் முழுசா நான் அவனுக்காக மட்டும் இந்த சீட்டத் தேச்சிருக்கேன்.

எதுக்கு? என்ஜினியருக்கா? வக்கீலுக்கா? உங்கள மாதிரி பல் டாக்டருக்கா? நாடகம்! நாடகத்துக்குப் பட்டம்! ரெண்டாவது கியர் போடுங்க. அது நாலாவது. ரெண்டாவது... ஆங்.

பேசாம ஓட்டுங்க, நீங்க பதில் சொல்லவேண்டாம். உங்ககிட்ட வர்றவங்கள வாயத் தொறக்கச் சொல்லி, உள்ள கையையும் விட்டுக்கிட்டு, 'வீட்ல எல்லாரும் சௌக்கியமா'ன்னு கேப்பீங்கல்ல? அவங்க 'ஆ... ஆ...'ன்னு கெடப்பாங்கல்ல? இங்க உங்க முறை. லெஃப்ட்ல ஒரு சைக்கிள் வருது, அவரு பாட்டுக்குப் போகட்டும்.

என்ன படிச்சான்னு கேளுங்க. மொத வருஷம் நடக்கறதுக்கு ஒரு பாடம். நடக்கறதுக்கு! பதினோரு மாசத்துலேயே நடந்த புள்ள அவன். நான் கையப் பிடிச்சு சும்மா கத்துக்குடுத்தத அவங்க எழுபது பாடத்துக் காசு வாங்கிக்கிட்டு மறுபடி கத்துக்குடுத்தாங்க. அப்புறம் மூச்சு விடறதுக்கு ஒண்ணு. அப்புறம் ஒரு நாள் போன் பண்றான், 'அம்மா, இன்னைக்கு மூணு மணி நேரம் சும்மா நின்னோம்மா'ங்கறான். ஏன்டா, வாத்தியார் வரலையான்னேன். 'இல்லம்மா, அதுதான் வகுப்பே. ஒண்ணும் செய்யாம, ஒண்ணும் சொல்லாம, மேடையில இருக்கறது. அதுதான் ரொம்பக் கஷ்டம்'ங்கறான். அதுக்கு மார்க்கு வேற போட்டாங்க, எழுபத்தெட்டு. சும்மா நின்னதுல இருபத்திரண்டு மார்க்க எப்படிடா விட்டேன்னு கேட்டேன். 'நடுவுல மூக்கு அரிச்சிருச்சும்மா'ங்கறான்!

சிரிக்காதீங்க, ஸ்டீயரிங் ஆடுது.

எங்க வீட்டுக்காரரு அப்ப ஒரு வார்த்த பேசல. அவரு எப்பவுமே பேசமாட்டாரு, அவருக்கும் சேத்து நான் பேசறேன்னு வச்சுக்கோங்க. நம்ம பயிற்சிப் பள்ளிக்கு அப்ப ரெண்டு கார் இருந்துச்சு. ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா ஒண்ணு இல்ல. 'வித்துட்டேன், ஹாஸ்டலுக்குக் கட்டணும்ல'ன்னாரு. அவ்வளவுதான் அவரு அந்த வருஷம் பேசின பேச்சு. அதுலேர்ந்து இந்த ஒத்தக் கார்தான். அதனாலதான் உங்களுக்கு வாரம் ஒரு தடவ மட்டும் எடம் குடுக்கறேன், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.

என் கொழுந்தனாரு பொண்ணு இருக்கா. இதே மூணு வருஷம்தான் படிச்சா, கணக்கு. இப்ப ஒரு கம்பெனியில உக்காந்து அடுத்தவங்க காச எண்ணிக் குடுக்கறா, அதுக்கு மாசா மாசம் அவளுக்குக் காசு. வீட்டுக்கு வந்தா 'பெரியம்மா, அண்ணனோட படிப்பு போட்ட முதல எடுக்க இன்னும் எரநூத்தி எட்டரை வருஷம் ஆகும்'னு போன்லயே கணக்குப் போட்டுக் காட்டறா. நான் விடுவேனா? 'நீ தும்மினாகூட ரசீது குடுப்ப, போடி'ன்னு சொல்லிட்டேன். எம்புள்ளைய நான் சொல்வேன், அவ யாரு சொல்றதுக்கு?

ஆனா கணக்கு என்னமோ சரிதான்.

வளைவு வருது. கண்ணாடி பாத்தீங்களா? இண்டிகேட்டர்? அது வைப்பர். மழை வரும்போது போட்டுக்கலாம், இப்ப இண்டிகேட்டர்... ஆங், கெட்டிக்காரி.

பட்டம் வாங்கி ஒண்ணரை வருஷம் ஆச்சு. சட்டம் போட்டு முன்னறையில மாட்டியிருக்கோம். சும்மா சொல்லக்கூடாது, அங்க சுவத்துல ஈரம் ஏறிப் பெயிண்ட் உரிஞ்சு கெடந்துச்சு, அத நல்லா மறைக்குது. சம்பாத்தியம்னு பாத்தா ரெண்டு. பெரிய கடை வாசல்ல ஆளுயர பல் தேய்க்கிற பிரஷ் வேஷம் போட்டுக்கிட்டு ரெண்டு நாள் நின்னான். உங்க தொழிலுக்குத்தான் உழைச்சிருக்கான், பாருங்க! சின்னப் புள்ளைங்க வந்து தலையிலிருந்த நாரப் பிடிச்சு இழுத்துச்சாம். அதுக்கு ஆறு பாடத்துக் காசு குடுத்தாங்க. அப்புறம் ஒரு புதுக் கட்டடத்துல லிஃப்டுக்குக் குரல். 'கதவு மூடுகிறது. மூன்றாவது மாடி.' அவன் குரல்தான். அதுக்கு ஒம்பது பாடம். ஒரே தடவதான் குடுத்தாங்க, ஆனா லிஃப்டு தெனமும் பேசுது. இதென்ன நியாயம்? ஒவ்வொரு மாடிக்கும் காசு கேக்கணுமா இல்லையா?

நான் ரெண்டு தடவ போய் அந்த லிஃப்டுல ஏறி எறங்கினேன். எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. சும்மாத்தான். 'ஏழாவது மாடி'ன்னு சொல்லும்போது ரொம்ப நல்லா சொல்றான்... மேல வந்துட்டோம்னு ஒரு சந்தோஷம் தெரியும் அதுல.

சரி, ஆறும் ஒம்பதும் பதினஞ்சு. ரெண்டாயிரத்து நூறுல பதினஞ்சு போனா மிச்சம் எவ்வளவுன்னு நீங்களே கழிச்சுக்கோங்க. ரோட்டப் பாத்துக் கழிங்க!

மனசு மட்டும் தங்கம், அதுல கொற சொல்லமாட்டேன். அதான் இந்தத் தொழிலுக்கு ஆகாதுங்கறேன். இப்ப உங்களையே எடுத்துக்கோங்க. போன வாரம் வியாழக்கிழமை உங்களுக்கு ஒத்திகை டெஸ்ட் வச்சோம்ல? பின் சீட்டுல உக்காந்து உங்கள அழவச்சானே, அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடல. 'அம்மா, அந்த டாக்டர் அழுதுட்டாங்கம்மா, எனக்கு என்னமோ மாதிரி...'

பிரேக்! பிரேக்! ஐயோ, நடு ரோட்டுல இல்ல, ஓரத்துல! சரி... சரி... நான் பிடிச்சுட்டேன். ஹேண்ட்பிரேக் போடுங்க. பின்னால லாரிக்காரன் திட்டறான், திட்டட்டும். நீங்க மூச்சு விடுங்க.

சொல்லிட்டேனா? சொல்லித் தொலைச்சுட்டேனா!

ஆமா. பின் சீட்டுல கல்லு மாதிரி உக்காந்து டெஸ்ட் வச்சாரே, எல்லாரும் 'கல்லு ஆபீசர்'ங்கறாங்களே, அவரு என் பையன்தான்.

அப்படிப் பாக்காதீங்க டாக்டரம்மா. நான் ஒண்ணும் பொய் சொல்லல. லைசென்ஸ் ஆபீசுலேர்ந்து வர்றாருன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? 'ஆபீசர் வர்றாரு'ன்னு மட்டும்தான் சொன்னேன். மீதிய நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. அந்தத் தடிக் கண்ணாடி பழைய துணிக்கடையில வாங்கினது. மீச ஒட்டினது. தொப்பைக்கு என் தலகாணி உறை. அந்த இருமல் மட்டும் எங்க வீட்டுக்காரரோடது, அச்சா அப்படியே எடுத்துக்கிட்டான்.

வண்டிய எடுங்க, போய்க்கிட்டே சொல்றேன். நம்ம பயிற்சி மைதானத்துக்கு நாலு மணிக்குப் போகணும், இன்னைக்கும் உங்களுக்கு ஒத்திகை இருக்கு... இருக்கட்டும், அத அப்புறம் பாப்போம். மொத கியர்.

ஏன் செஞ்சோம்னு கேளுங்க. நம்மகிட்டக் கத்துக்கற ஆளுங்க என்கூட ஓட்டும்போது ராஜாவா ஓட்டுவாங்க. நெஜ டெஸ்ட்டுக்குப் போனா பத்துல ஆறு பேரு ஃபெயிலு. நீங்களே ரெண்டு தடவ போய்ட்டு வந்தீங்கல்ல? எனக்குக் காரணமே புரியல. ரோடக் குத்தம் சொன்னேன், ஆபீசருங்களக் குத்தம் சொன்னேன், காரோட கிளட்ச்ச மாத்தினேன். ஒரு நாள் இவன் சும்மாதானே இருக்கோம்னு பின் சீட்டுல வந்து உக்காந்தான். எறங்கினதும் சொல்றான், 'அம்மா, காரணம் நீதாம்மா'ங்கறான்.

'நீ ஓயாமப் பேசற. கிளட்ச்சு, கண்ணாடி, சைக்கிளு, சித்தப்பா பொண்ணு, எல்லாம் பேசற. அவங்க ரோடப் பாத்து ஓட்டலம்மா, உன் குரலக் கேட்டு ஓட்டறாங்க. டெஸ்ட்டுல ஆபீசர் வாயே தொறக்கமாட்டாரு. அந்த அமைதி வந்ததும் இவங்களுக்குக் கையும் ஓடல காலும் ஓடல.' இப்படிச் சொல்றான் பெத்த தாயப் பாத்து! எனக்கு வந்துச்சே ஆத்திரம்... முப்பத்தொரு வருஷமா ஓட்டக் கத்துக்குடுக்கறேன்டா நான்னேன். 'முப்பத்தொரு வருஷமாப் பேசறம்மா'ன்னான்.

மறுநாளே அந்த வேஷத்தப் போட்டுக்கிட்டு வந்து பின்னால உக்காந்தான். என்னையும் பேசவிடல. ஒரு மணி நேரம்! என்ன ஒரு அமைதிங்கறீங்க! உங்களுக்குத் தெரியும், நீங்க உள்ள இருந்திருக்கீங்க. நீங்க 'சார், நான் சரியாத்தான் போறேனா'ன்னு கேட்டீங்க. அவன் பேனாவத் தொறந்தான், எழுதல, மூடினான். அவ்வளவுதான், உங்க கண்ணுல தண்ணி. அந்தப் பேனா மூடறது மூணாவது வருஷப் பாடமாம்.

இப்ப பத்துல ஒம்பது பேரு பாஸு, டாக்டரம்மா. ஒம்பது! எங்கெங்கேயோ இருந்து போன் வருது, 'அந்தக் கல்லு ஆபீசர் இருக்கற பள்ளிக்கூடமா'ன்னு. மூணு மாசத்துக்கு எடமே இல்ல. ஒத்திகைக்குன்னு ஒருத்தருக்கு அரைப் பாடத்துக் காசு கூடுதலா வாங்கறேன். நீங்களும் குடுத்தீங்க.

அவனுக்கா? அவனுக்கு என்ன குடுக்கறேன்னா... சாப்பாடு போடறேன்ல? துணி தொவச்சுக் குடுக்கறேன்ல? தலகாணி உறை யாருது? சரி, ஒண்ணும் குடுக்கல. அவனும் கேக்கல. 'இதுவும் ஒரு மேடைதாம்மா, நல்ல பயிற்சி'ங்கறான். அப்படிப்பட்ட புள்ள.

ரவுண்டானா. நின்னு, பாத்து... போங்க, போங்க. அழகு!

ஏன் நாடகக் கம்பெனி எதுக்கும் எழுதிப் போடலையாவா? அதெல்லாம் போட்டுக்கிட்டேதான் இருக்கான். இருபது முப்பது எடத்துக்குப் போட்டிருக்கான். தெனம் சாயந்தரம் போனத் தொறந்து பாப்பான், மூடி வைப்பான். 'யாரும் கூப்பிடலம்மா'ம்பான். நான் சொல்வேன், 'அதான் அப்பவே சொன்னேன்ல, அந்தப் படிப்புக்கு எவன் வேலை குடுப்பான்'னு சொல்வேன்...

சொல்வேன்.

கொஞ்சம் மெதுவாப் போங்க. மைதானம் கிட்ட வந்துருச்சு, மணி இன்னும் ஆகல. அந்த மரத்தடியில வேணா ஓரமா நிறுத்துங்க. சும்மா, ரிவர்ஸ் பழகறதுக்கு. இல்ல, ரிவர்ஸ் வேண்டாம். நில்லுங்க.

கூப்பிட்டாங்க, டாக்டரம்மா.

திங்கக்கிழமை. அவன் ஆபீசரா இருக்கும்போது போன் வச்சுக்கமாட்டான். ஒரு தடவ டெஸ்ட்டுக்கு நடுவுல அது பாட்டுப் பாடி மானம் போச்சு. அதுலேர்ந்து என்கிட்டத்தான் குடுத்து வைப்பான். அன்னைக்கு அவன் மைதானத்து ரூமுல மீச ஒட்டிக்கிட்டிருந்தான், போன் அடிச்சுச்சு. எடுத்தேன். ஒரு பொம்பளக் குரலு, நல்ல மரியாதையான குரலு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய் புள்ளைங்களுக்கு நாடகம் போடற குழுவாம். ரெண்டு வருஷ வேலை. மாசச் சம்பளம். எவ்வளவுன்னு கேட்டேன், கேக்காம இருப்பேனா? மாசத்துக்கு நூத்திப்பத்து பாடம்! நான் இங்க உக்காந்துக்கிட்டே போட்டுப் பாத்தேன், ஒண்ணரை வருஷம், கூட ஒரு மாசம், ரெண்டாயிரத்து நூறும் வந்துரும். என் கொழுந்தனாரு பொண்ணு மூஞ்சில அடிச்ச மாதிரி வந்துரும்.

சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஒரு நிமிஷம். அப்புறம் டைரியப் பாத்தேன். மூணு மாசத்துக்குப் பேரு எழுதிக் கெடக்கு. எல்லாம் கல்லு ஆபீசருக்காக வந்த பேரு. 'எந்த ஊருல வேலை'ன்னு கேட்டேன். 'ஊர் ஊராப் போகணும், வேன் இருக்கு, தங்க எடம் குடுப்போம்'னாங்க.

என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. எடம் கேட்டு யாராவது கூப்பிட்டா நான் தெனமும் ஒண்ணு சொல்வேன்ல, அது தானா வந்துருச்சு. 'மன்னிக்கணும், அவருக்கு மூணு மாசத்துக்கு எடமே இல்லீங்க.' அந்தம்மா அசந்துபோய், 'அப்படியா, நீங்க யாரு'ன்னாங்க. 'அவரோட ஆபீசுலேர்ந்து பேசறேன்'னேன். ஆபீசாம்! குரல வேற கொஞ்சம் இழுத்து, மூக்கால பேசினேன். என்னமா நடிச்சேன் தெரியுமா? ஒரு யுனிவர்சிட்டிக்கும் போகாம!

அவங்க விடல. 'வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் எடத்த வச்சிருப்போம், மனசு மாறினா இந்த நம்பருக்குப் பேசச் சொல்லுங்க'ன்னாங்க. எழுதிக்கிட்டேன். போன்ல வந்த நம்பர அழிச்சேன். அவன் மீசையோட வெளிய வந்து, 'யாரும்மா'ன்னான். 'கார் பழக எடம் கேட்டாங்க'ன்னேன்.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஆமா. மணி மூணே முக்கால்.

பணத்துக்காகவான்னு கேக்கறீங்களா? ஆமா, பணத்துக்காகத்தான். பாதி. மீதிப் பாதி... எங்க வீட்டுக்காரரு பேசமாட்டாருன்னு சொன்னேன்ல. மூணு வருஷம் இவன் ஹாஸ்டல்ல இருந்தப்ப நான் அந்த வீட்டுல சுவத்தப் பாத்துத்தான் பேசினேன். ரேடியோவுக்குப் பதில் சொன்னேன். இவன் திரும்பி வந்து எதிர்ல உக்காந்து 'அப்புறம்?'னு கேக்கறான் பாருங்க, அந்த ஒரு வார்த்த... சரி விடுங்க. வண்டிய எடுங்க.

எடுங்கம்மா. ஏன் சாவியத் திருப்பினீங்க? ஏன் எடுத்தீங்க? பையில ஏன் போட்டீங்க? டாக்டரம்மா, இது என் கார்!

சொல்லணுமா? நான் சொன்னாத்தான் சாவியா? என்னங்க இது, பல்லப் பிடுங்கற மாதிரி பிடுங்கறீங்க! அவன் மைதானத்துல இருப்பான், வேஷம் போட்டுக்கிட்டு... ஐயோ, அதோ, அவனே வர்றான். வண்டி ஏன் நிக்குதுன்னு பாத்துட்டு நடந்து வர்றான். அந்த நடையப் பாருங்க. எம்புள்ள நடையே இல்ல அது. எழுபது பாடத்து நடை அது.

கதவத் தொறக்கறான். நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க... சரி, இருக்கவேண்டாம்.

வாங்க, ஆபீசர் சார். உக்காருங்க.

சார்... டெஸ்ட்டுக்கு முன்னால ஒரு விஷயம். இங்க ஒரு பள்ளிக்கூடத்துக்காரம்மா ஒரு தப்புப் பண்ணிட்டா. சிக்னல் தப்பு மாதிரின்னு வச்சுக்கோங்க. அவளுக்கு ஒரு பையன், சார். நாடகம் படிச்சவன். அவனுக்கு ஒரு வேலை வந்துச்சு, நல்ல வேலை, அத அவ கையக் காட்டி நிறுத்திட்டா. அவன்கிட்டச் சொல்லல. அவன் தெனம் சாயந்தரம் போனப் பாத்துட்டு மூடி வைக்கறத எதிர்லயே உக்காந்து பாத்துக்கிட்டும் சொல்லல.

சார்?

ஏதாவது சொல்லுங்க சார். பேனாவத் தொறக்காதீங்க. டேய்... பேசுடா. திட்டுடா! ஒரு வார்த்த திட்டினா என்ன? இப்படி உக்காந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது? டாக்டரம்மா, அவனப் பேசச் சொல்லுங்க.

இந்தா. நம்பர். என் டைரியிலேர்ந்து கிழிச்சது. இது உன் போன். அஞ்சு மணி வரைக்கும்தான். அந்தம்மா 'ஆபீசுல யாரு பேசினது'ன்னு கேட்டா... என் பேரச் சொல்லு. அம்மான்னு சொல்லு. புத்தி கெட்டவள்னு சொல்லு. சம்பளம் நூத்திப்பத்துன்னாங்க, நூத்திஇருபது கேளு. மூணு மாசத்துக்கு எடமே இல்லாத ஆளு நீ, சும்மா போய் நிக்காத!

மீசைய ஏன் பிய்க்கற? ரோட்டுலயா? சரி, பிய்ச்சுக்கோ. கண்ணாடிய ஏன் என்கிட்டக் குடுக்கற? அட்டையும் பேனாவும் எதுக்கு எனக்கு?

நானா?

பின் சீட்டுலயா? டேய், என்னால... ஒரு மணி நேரமா? டாக்டரம்மா, நீங்க ஏன் தலையாட்டறீங்க? நீங்களும் கூட்டா? முப்பத்தொரு வருஷத்துல... சரி. சரிடா. எறங்கறேன். நீ போய்ப் பேசு மொதல்ல, மணியப் பாரு.

உக்காந்துட்டேன். இந்தக் கண்ணாடியில ஒண்ணுமே தெரியல, இத வச்சுக்கிட்டா எழுதினான் அவன்? சாவி போட்டாச்சா? எடுங்க. பாத்து... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல.

பின் கண்ணாடியில தெரியறான், டாக்டரம்மா. போன காதுல வச்சிருக்கான். தலைய ஆட்டறான்... மறுபடி ஆட்டறான்... நெத்தியில கைய வச்சுக்கிட்டான். ஐயோ. இல்ல இல்ல, சிரிக்கறான்! பல்லு பூரா தெரியுது. கெடச்சிருச்சு போலிருக்கு. என்னப் பாத்துக் கையக் காட்டறான், போ போங்கறான்...

போங்க, டாக்டரம்மா. ரோடு உங்களுது. என் கண்ணப் பாக்காதீங்க, முன்னாலப் பாருங்க. இனிமே இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு சத்தமும் வராது.

...

......

கிளட்ச்...

.........